களைப்பின் மேல் ஒட்டிய பேட்ச்

என் பெரியம்மா மகள் பள்ளி ஆசிரியை. 2021 மே மாத அலையில் அவளுக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் பத்து நாளில் விட்டது. உடம்பு இன்னும் தேறியபாடில்லை. மொட்டை மாடியில் ஒரு வாளித் துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வருவாள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் மாலைதான் அடிக்கும். அதன்பின் இரண்டு நாள், சன்னலை மூடித் திரையை இழுத்துவிட்ட அறையில் படுக்கை. அடுப்படியில் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். சோற்றைப் பிசையக் கை எழாது. ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்: "சிகரெட்டை விடறவங்க ஒட்டிக்குவாங்களே, நிகோடின் பேட்ச், அதைச் சின்ன அளவுல ஒட்டினா இந்த அசதி போயிடுதாமே. நான் ஒட்டிப் பார்க்கட்டுமாடா?" வாழ்நாளில் ஒரு பீடிப் புகையைக்கூட உள்ளே இழுக்காதவள் கேட்ட கேள்வி இது.

மருத்துவ ஆய்வுகளைப் படித்துத் தமிழில் எழுதுவது என் தொழில். டாக்டரைக் கேள் என்று சொல்லி நான் நழுவியிருக்கலாம். ஆனால் அவள் நான்கு டாக்டர்களைக் கேட்டு முடித்திருந்தாள். ஒருவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒருவர் தினமும் நடக்கச் சொன்னார். ஒருவர் மனத்தை வேறு எதிலாவது திருப்பச் சொன்னார். நாலாமவர்தான், எனக்குத் தெரியவில்லை அம்மா என்று நேர்மையாகச் சொன்னார். இப்படி வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்கள்தான் பல நாடுகளிலும் பேட்சைப் பிரித்துத் தோளில் ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றால், முழுதாக எடைபோட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

களைப்பு என்ற சொல்லே இந்த நோயாளிகளுக்குப் பெரிய கெடுதல் செய்திருக்கிறது. களைப்பு எல்லோருக்கும் வரும், தூங்கினால் போகும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். மருத்துவர்கள் எம்.ஈ./சி.எஃப்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் நாட்பட்ட களைப்பு நோயின் முத்திரை அசதி அன்று; உழைப்புக்குப் பின் வரும் சரிவு. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015இல் வகுத்த இலக்கணப்படி மூன்று அறிகுறிகள் கட்டாயம்: ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் செயல்திறன் இழப்பு, உழைப்புக்குப் பின் சரிவு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு. இவற்றோடு சிந்தனை மந்தமோ, எழுந்து நின்றால் உடம்பு தாங்காமையோ சேர்ந்திருக்க வேண்டும். கொரோனா விட்ட பிறகும் நீடிக்கும் லாங் கோவிட் வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த இலக்கணத்துக்குள் அப்படியே பொருந்துகிறார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தி. ஒரு வாளித் துணிக்கு இரண்டு நாள் படுக்கை என்ற அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் நிகோடினைப் பற்றி மேற்கொண்டு பேச முடியும்.

எண்ணம் பிறந்த இடம் பாரிஸ். 2020 ஏப்ரலில் பித்தியே-சல்பெத்ரியேர் மருத்துவமனை மருத்துவர்கள் தங்களிடம் வந்த கொரோனா நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். தினமும் புகைப்பவர்கள் 5 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். பிரான்சின் மக்கள்தொகையிலோ கால்வாசிப் பேர் தினமும் புகைப்பவர்கள். அந்த மருத்துவர்களோடு சேர்ந்தவர் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ழான்-பியேர் ஷான்ழூ. நரம்பு முனைகளில் நிகோடின் சென்று அமரும் ஏற்பியை 1970இல் மின் விலாங்கு மீனின் உடலிலிருந்து முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் அவர். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது நம் கட்டுவிரியனின் இனத்தைச் சேர்ந்த ஒரு தைவான் பாம்பின் நஞ்சு. அந்த நஞ்சு இந்த ஏற்பியில் போய் இறுகப் பிடித்துக்கொள்ளும். கடிபட்டவரின் தசைகள் செயலிழப்பது அதனால்தான். கொரோனா கிருமியின் முள்புரதத்தில் ஒரு துண்டு இத்தகைய பாம்பு நஞ்சைப் போன்ற அமைப்பில் இருப்பதைக் காட்டி, கிருமியும் அதே ஏற்பியைப் பிடிக்கக்கூடும், நிகோடின் அந்த இடத்துக்குப் போட்டி போடக்கூடும் என்றார் ஷான்ழூ. அவர் அதைக் கருதுகோள் என்றுதான் எழுதினார். ஆனால் செய்தி பரவிய வேகத்தில், மருந்துக்கடைகளில் மக்கள் பேட்ச்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சி பிரெஞ்சு அரசு விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

கருதுகோளின் முதல் தூண் அதிக நாள் நிற்கவில்லை. பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை 2021இல் ஆராய்ந்தபோது, புகைப்பவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கூடுதல் என்றே வந்தது. பிரான்சிலேயே 18 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 220 நோயாளிகளுக்குச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பாதிக்கு நிகோடின் பேட்சும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று பேட்சும் ஒட்டினார்கள். 28 நாள் கழித்து எண்ணிப் பார்த்தால், நிகோடின் உயிரைக் காத்தது என்று சொல்லும்படியான வேறுபாடு ஏதும் இல்லை. கடும் நோய்க்கு உதவாத மருந்து அதன் நீண்ட வாலுக்கும் உதவாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது, அது நியாயமில்லை. ஆனால் எண்ணத்துக்கு உயிர் கொடுத்த கணக்கெடுப்பே பொய்த்துவிட்டது என்பதை, பேட்சுக்காக வாதாடுபவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

லாங் கோவிட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் மார்கோ லைட்ஸ்கே. 2023 ஜனவரியில் வெளியான அவரது குழுவின் கட்டுரையில் நோயாளிகள் நால்வர். ஒரு நாளுக்கு 7.5 மில்லிகிராம் தரும் பேட்ச். சில நாட்களிலேயே நால்வரும் பெரிதும் தேறினார்கள் என்பது அறிக்கை. பேட்ச் பேச்சு முழுவதற்கும் வித்து இந்த நால்வர்தான். ஒப்பீட்டுக் குழு இல்லை, வெற்று பேட்ச் இல்லை. யாருக்கு எது ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை நோயாளியிடமிருந்தோ மருத்துவரிடமிருந்தோ மறைக்கவும் இல்லை. பின்னர் 2025இல் அதே குழு, பேட்ச் பயன்படுத்திய 231 பேரின் கேள்வித்தாள் பதில்களை வெளியிட்டது. பெரும்பாலோர் முன்னேற்றம் என்றே எழுதியிருந்தார்கள்.

இந்த நோயின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய வலி எழும். நார்வேயின் பெர்கன் நகரத்து ஹவுக்கலாண்ட் மருத்துவமனையில் ஓய்ஸ்டைன் ஃப்ளூகே, ஓலாவ் மெல்லா என்ற இரு புற்றுநோய் மருத்துவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளிக்கு அவரது களைப்பு நோயும் தணிந்ததைக் கண்டு, ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் களைப்பு நோய்க்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 30 பேரை வைத்து முறையான சோதனையே நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். வெற்று மருந்தும் இருந்தது, மறைப்பும் இருந்தது. மருந்து பெற்ற 15 பேரில் 10 பேருக்கு முன்னேற்றம், பெறாத 15 பேரில் 2 பேருக்கு மட்டும். உலகமெங்கும் நோயாளிகள் கண்ணீர் விட்டார்கள். அந்த இருவரும் அதோடு நிற்காமல் 151 பேரை வைத்துப் பெரிய சோதனையில் இறங்கினார்கள். 2019இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெற்றுத் திரவம் பெற்றவர்களில் 35 சதவீதம். தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே இப்படிச் சோதித்து, தோற்றதை மறைக்காமல் வெளியிட்ட அந்த இருவர் மேல் எனக்குள்ள மரியாதை பெரிது.

அந்த 35 சதவீதத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தே இல்லாத திரவம் ஏற்றப்பட்டு, நூற்றுக்கு முப்பத்தைந்து பேர் தேறியிருக்கிறார்கள். அவர்கள் நடிக்கவில்லை, ஏமாறவும் இல்லை. இந்த நோய் ஏறி இறங்கும் நோய். மனிதர்கள் புது மருந்தைத் தேடிப் போவது மிக மோசமான வாரத்தில்தான். அதற்கடுத்த வாரம், எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், சற்றே மேலாக இருக்க வாய்ப்பு அதிகம். லாங் கோவிட்டிலோ காலப்போக்கில் தானாகத் தேறுகிறவர்களும் உண்டு. முப்பது பேரை வைத்து மறைப்போடு நடந்த சோதனையே இப்படி ஏமாற்றியிருக்கும்போது, மறைப்பில்லாத நாலு பேர் எவ்வளவு தூரம் தாங்குவார்கள்? 231 பேர் கேள்வித்தாளில் கூடுதலாக இன்னொரு ஓட்டை. பேட்ச் ஒட்டி வாந்தி எடுத்துக் கழற்றிப் போட்டவர், பலனில்லை என்று வேறு வைத்தியம் தேடிப் போனவர், இவர்களெல்லாம் கேள்வித்தாளை நிரப்ப வந்து நிற்பவர்கள் அல்லர்.

சரி, இயங்கும் விதமாவது உறுதியாக இருக்கிறதா? சொல்லப்படும் கதை இது: அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப் பொருள் அமரும் ஏற்பிகளில் கிருமியின் புரதம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குந்தியிருக்கிறது. நிகோடின் வந்து அதைத் தள்ளிவிட்டு இடத்தைக் காலி செய்கிறது. பிறகு நரம்புகள் பழையபடி பேசத் தொடங்குகின்றன. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நிகோடின் ஏற்பி என்பது ஒரே வகை அன்று. அழற்சியைத் தணிக்கும் பாதையில் முக்கியமானது ஆல்ஃபா-7 என்ற வகை. ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு 2003இல் இதைக் காட்டியது. களைப்பு நோயோடு அழற்சியை இணைத்துப் பேசுபவர்கள் சாய்வது இதன் மேல்தான். மூளையில் கவனத்துக்கும் விழிப்புக்கும் உதவும் ஆல்ஃபா-4 பீட்டா-2 இன்னொரு வகை. நிகோடினுக்கு இந்த இரண்டாவது வகையின் மேல்தான் ஒட்டுதல் அதிகம். கலிஃபோர்னியாவில் 2006இல் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள்: சிகரெட்டை ஓரிரு முறை இழுத்தாலே இந்த ஏற்பிகளில் பாதி நிரம்பி, மூன்று மணி நேரம் அப்படியே இருக்கிறது. ஆல்ஃபா-7ஐ அசைக்கவோ பல பத்து மடங்கு அதிகச் செறிவு வேண்டும். குறைந்த அளவு பேட்ச் ரத்தத்தில் ஏற்றுவது ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம். ஆக அழற்சிக் கதைக்கு வேண்டிய கதவை இந்த அளவு நிகோடின் அவ்வளவாகத் தட்டுவதே இல்லை. விழிப்பின் கதவை மட்டும் அகலத் திறந்துவிடுகிறது.

லைப்சிக் குழு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2025 கட்டுரையில் ஒரு நோயாளிக்குப் பேட்சுக்கு முன்னும் பின்னும் பெட் ஸ்கேன் எடுத்து, ஆல்ஃபா-4 பீட்டா-2 ஏற்பிகளில் பிணைப்பு கூடியிருப்பதைக் காட்டினார்கள். அடைபட்ட இடம் விடுவிக்கப்பட்டது என்று பொருள் கொண்டார்கள். ஒரே நோயாளி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிகோடின் தொடர்ந்து கிடைத்தால் மூளை இதே ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் என்பது புகைப்பவர்களிடம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அப்படியிருக்க, நிகோடினுக்குப் பின் பிணைப்பு கூடியதைக் கிருமி வெளியேறியதற்குச் சாட்சியாக நிறுத்த வேண்டுமானால், கிருமியே படாத ஒருவருக்கும் அதே பேட்சை ஒட்டிப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 2019க்கு முன்பே, சுரப்பிக் காய்ச்சலுக்குப் பிறகோ வேறு தொற்றுக்குப் பிறகோ களைப்பு நோயில் விழுந்தவர்களும் பேட்ச் ஒட்டி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் நோயைத் தொடங்கி வைத்தது கொரோனாக் கிருமி அன்று. அவர்களுக்கும் பலன் உண்மையென்றால், புரதத்தைத் தள்ளும் கதை தேவையே இல்லாமல் போகிறது. எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது. அந்தப் பொதுவான ஒன்றுக்கு நிகோடினின் ஊக்கத் தன்மையே போதும் என்பது என் கணிப்பு.

இதைவிடக் கனமான சாட்சி ஒன்று இருபது ஆண்டுகளாக மருத்துவ நூலகங்களில் தூசி படிந்து கிடக்கிறது. கேலண்டமின் என்பது மறதி நோய்க்குத் தரும் மாத்திரை. அது அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கிறது, கூடவே நிகோடின் ஏற்பிகளையும் கூர்மையாக்குகிறது. பேட்சுக்காரர்கள் எந்தப் பாதையில் கோளாறு என்று சொல்கிறார்களோ அதே பாதையை இரண்டு முனையிலிருந்தும் தூக்கிவிடும் மருந்து. அதை நாட்பட்ட களைப்பு நோயாளிகள் 434 பேருக்கு, 35 மையங்களில், நான்கு வேறு அளவுகளில், 16 வாரம் கொடுத்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட எந்த அளவும் மேலாக இல்லை. நிகோடினும் கேலண்டமினும் ஒன்றல்லதான். ஆனாலும் இந்தப் பாதை பற்றிப் பேசத் தொடங்குபவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சோதனை இது.

மறுதட்டிலும் ஒரு கல் இருக்கிறது. அதை ஒளித்துவைத்தால் நான் எடைபோடவில்லை என்றாகிவிடும். அமெரிக்காவின் பாஸ்டனில் டேவிட் சிஸ்ட்ரம் குழு 2022இல் எம்.ஈ./சி.எஃப்.எஸ். நோயாளிகள் 45 பேருக்கு, அசிட்டைல்கோலினைக் கூட்டும் பைரிடோஸ்டிக்மின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்து, சைக்கிள் மிதிக்க வைத்து அளந்தது. மருந்து பெற்றவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு சற்றே கூடியது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்குக் குறைந்தது. நோயாளி சொன்னதை அல்ல, நுரையீரலும் ரத்தமும் சொன்னதை அளந்த சோதனை. ஒரே வேளை, சிறு குழு என்றாலும், இந்த நோயில் அசிட்டைல்கோலினுக்கு ஒரு பங்கு இருக்கலாம் என்ற எண்ணத்தை நான் முழுதாகத் தள்ளாததற்கு இதுதான் காரணம். ஆனால் கவனிக்க வேண்டும்: அங்கே அளந்தது ஆற்றலை. பேட்ச் ஆய்வுகளில் அளந்ததெல்லாம் அசதியை.

என் திறனாய்வு முழுதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அசதி என்பது உடம்பு அனுப்பும் செய்தி. ஆற்றல் என்பது கிடங்கில் உள்ள சரக்கு. சாதாரண மனிதருக்கு இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நடக்கும். இந்த நோயில் இரண்டும் பிரிந்துவிட்டன. நிகோடின் செய்தியைத் திருத்தும் பொருள் என்பதில் ஐயமே இல்லை. லேசான ஞாபகக் குறைவு உள்ள, புகைக்காத 74 முதியவர்களுக்கு ஆறு மாதம் 15 மில்லிகிராம் பேட்ச் ஒட்டி 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அவர்களது கவனம் அளவிடும்படி மேம்பட்டது. மருத்துவர்கள் பார்த்த மொத்த நிலையில் மாற்றமில்லை. கவனத்தையும் விழிப்பையும் தூக்கிவிடும் ஒன்றை ஒட்டிக்கொண்டவரிடம் போய், உங்கள் அசதி எப்படி இருக்கிறது என்று கேட்டால், குறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார். கிடங்கு நிறைந்ததா, கிடங்கின் எச்சரிக்கை மணி அணைந்ததா என்பதை அந்தப் பதில் பிரித்துக் காட்டாது.

மணி அணைந்திருந்தால் வருவது வெறும் ஏமாற்றம் மட்டுமன்று. அக்கா தன் உடம்பைக் காத்துவருவது அந்த மணியை வைத்துத்தான். கை கனக்கத் தொடங்கினால் பாதி வாளியோடு நிறுத்திவிடுவாள். பேட்ச் கொடுத்த தெம்பில் முழு வாளியையும் முடித்து, வீட்டையும் பெருக்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை வரும் சரிவு எவ்வளவு ஆழம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சரிவிலிருந்து பழைய நிலைக்கே திரும்பாதவர்கள் இந்த நோயில் உண்டு. மேலும் பலர் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்து, ஒரு எல்லையைத் தாண்டாமல் வேலை செய்யப் பழகியிருக்கிறார்கள். நிகோடின் நாடித்துடிப்பை ஏற்றும், ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அவர்கள் கையில் இருக்கும் ஒரே அளவுகோலையும் அது குழப்பிவிடும்.

பேட்ச் ஒட்டுபவர்களிடையே வழங்கும் ஒரு பேச்சு என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. ஒட்டிய முதல் நாட்களில் உடம்பு மோசமானால், கிருமி இடம்பெயர்கிறது, அதுதான் இப்படி, விடாமல் ஒட்டு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நன்றானால் மருந்தின் வெற்றி, மோசமானால் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். எப்படி நடந்தாலும் தோற்காத கருத்து எதையும் விளக்குவதில்லை. தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை, கலங்கவைக்கும் கனவுகள் எல்லாம் புகைக்காத உடம்பில் நிகோடின் காட்டும் சாதாரண முகங்கள். பேட்ச் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. பனி நனைந்த பச்சைப் புகையிலையை அறுவடை செய்யும் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாக நிகோடின் ஏறி வாந்தியும் மயக்கமும் வருவதைக் கேள்விப்பட்டுத்தான், தோல் வழியாகவே இதைக் கொடுக்கலாமே என்று கலிஃபோர்னியாவின் மர்ரி ஜார்விக் எண்ணினார். அந்தத் தொழிலாளர்களின் குமட்டலுக்கும் பேட்ச் ஒட்டியவரின் குமட்டலுக்கும் காரணம் ஒன்றே.

மற்றத் தீங்குகளை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. நிகோடின் என்றதும் புற்றுநோய் என்று அலறுவது தவறு. சிகரெட்டின் புற்றுநோய்க் கொடுமை பெரிதும் புகையிலிருந்து வருவது. மெதுவாக ஏறும் பேட்சுக்கு அடிமையாகும் வாய்ப்பும் சிகரெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் கர்ப்பிணிகள் இதை நெருங்கக்கூடாது. இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சின்ன அளவு வேண்டுமென்று பேட்சைக் கத்தரியால் வெட்டுவது எல்லா வகைப் பேட்சுக்கும் பொருந்தாது. சிலவற்றில் மருந்து உறைக்குள் தேங்கியிருக்கும், வெட்டினால் ஒரேயடியாகக் கசியும். கழற்றிய பேட்சிலும் நிகோடின் மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தை கைக்கும் வீட்டு நாய்க்கும் எட்டாமல் போட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது, நியாயமான கேள்வி. ஊக்கமருந்தாகவே இருக்கட்டுமே, அதனால் ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரம் தெளிவாகப் பேச முடிகிறது, மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க முடிகிறது என்றால் அது பலன் இல்லையா? பலன்தான். தலைவலி மாத்திரை நோயின் வேரைத் தொடாததால் யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர் அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒரு பேட்சை ஒட்டினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்போது அதன் பெயர் நோய் தீர்க்கும் மருந்து அன்று. காப்பியின் வரிசையில் வைக்க வேண்டிய பொருள் அது. காப்பிக்குரிய பழகிப்போதலும், காப்பியைவிடக் கூடுதலான பக்கவிளைவும் உடன் வரும். வேரை அறுக்கிறது என்று சொல்லி நம்பவைப்பதுதான் குற்றம்.

வேரை அறுக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. ஊக்கம் மட்டும்தான் என்றால் பேட்சைக் கழற்றிய சில நாட்களில் பலனும் போய்விட வேண்டும். புரதம் தள்ளப்பட்டது என்றால் கழற்றி மூன்று மாதம் கழித்தும் தேறியவர் தேறியவராகவே இருக்க வேண்டும். இரண்டு கதைகளையும் பிரிக்கும் கோடு இத்தனை தெளிவாக இருக்கிறது. ஆளை மாற்றாமல் பேட்சை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. முதல் கட்டத்தில் வந்த பலன் தங்கிவிட்டால் இரண்டாம் கட்டத்தைக் கெடுத்துவிடும். இரண்டு தனிக் குழுக்கள் வேண்டும், பெர்கன் சோதனை அளவுக்காவது பெரியவை. வெற்று பேட்ச் தோலை லேசாக அரிக்கவும் வேண்டும். இல்லையென்றால் அரிப்பை வைத்தே எது தன் தோளில் என்று நோயாளி கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அசதி எப்படி என்று மட்டும் கேட்காமல், ஒவ்வொரு நாளும் எத்தனை அடி நடந்தார், மாதத்தில் எத்தனை நாள் சரிந்து கிடந்தார் என்று எண்ண வேண்டும். தொடக்கநிலைப் பார்கின்சன் நோயாளிகள் 162 பேருக்கு ஓராண்டு பேட்ச் ஒட்டிய சோதனை 2023இல் வெளிவந்தது. புகைப்பவர்களுக்கு அந்த நோய் குறைவு என்பதால் நிகோடின் உதவும் என்ற பல்லாண்டு நம்பிக்கைக்கு அது இடம் கொடுக்கவில்லை. நோயின் வேகம் குறையவில்லை. வருத்தமான முடிவுதான். ஆனால் அந்த நோயாளிகளுக்கு ஒரு முடிவாவது கிடைத்தது. களைப்பு நோயாளிகளுக்கு அந்த மரியாதையைக்கூட யாரும் செய்யாமல், தங்கள் உடம்பிலேயே தாங்கள் சோதித்துக்கொள்ளும்படி விட்டுவைத்திருப்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது.

ஆக என் தீர்ப்பு: களைப்பு நோயைத் தீர்க்கும் என்ற கூற்றுக்கு இன்று ஆதாரம் இல்லை. சொல்லப்படும் இயங்குவிதம், பயன்படுத்தும் அளவோடு பொருந்தவில்லை. இதே பாதையில் நடந்த பெரிய சோதனை தோற்றிருக்கிறது. அசதியைக் குறைத்துக் காட்டும் ஆற்றல் நிகோடினுக்கு உண்டு என்பதை ஏற்கிறேன். இந்த ஒரு நோயில் அதுவே அதன் ஆபத்து என்றும் கருதுகிறேன். முறையான சோதனைக்குத் தகுதியான எண்ணம், பரிந்துரைக்குத் தகுதியற்ற மருந்து.

அக்காவிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. படுத்திருக்கும்போது நாடியைப் பார்த்துச் சொல் என்றேன். 76. எழுந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுச் சொல் என்றேன். ஆறாவது நிமிடமே சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: 118. "இதுக்கு மேல ஏத்தற எதையும் உன் தோளில ஒட்ட வேண்டாம்க்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரி, எவனாவது ஒழுங்கா சோதிச்சா அன்னிக்கு எனக்குச் சொல்லு" என்றாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மொட்டை மாடிக் கயிற்றை அவிழ்த்து, இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்தபடியே நாலு துணி போடுகிறாள், எழுந்து போய்ப் படுக்கிறாள். மிச்சத்தை மாலையில்.